தாயின் உணவும் சேயின் எடையும்



ஒரு வீட்டில் குழந்தை பிறந்தது என்ற செய்தி வந்ததும், ஆணா பெண்ணா என்று கேட்கிறோம். தாயும் சேயும் சுகந்தானா என்று கேட்கிறோம். எத்தனை கிலோ என்ற மூன்றாவது கேள்வி நம் பாட்டிமார் காலத்தில் பெரும்பாலும் எழுந்ததில்லை. அவர்கள் குழந்தையைக் கையில் ஏந்திப் பார்த்தே, 'நல்ல கனமாயிருக்கிறது' என்றோ, 'பூஞ்சையாயிருக்கிறது' என்றோ சொல்லிவிடுவார்கள். இன்று அந்த மதிப்பீட்டைத் தராசு செய்கிறது. 2,500 கிராமுக்குக் குறைந்த எடையுடன் பிறக்கும் குழந்தையை எடை குறைந்த குழந்தை என்று உலகச் சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. நம் நாட்டில் பிறந்தவுடன் எடை பார்க்கப்பட்ட குழந்தைகளுள் ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவான பங்கு இந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பதாக 2019-21 ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு தெரிவிக்கிறது.

எடை சற்றுக் குறைந்தால் என்ன, பிறகு பால் கொடுத்துத் தேற்றிவிடலாமே என்று எண்ணுவோர் உண்டு. தேற்றிவிடலாம் என்பது உண்மையே. எனினும் அதில் ஒரு நுட்பம் உண்டு. மைசூரில் ஹோல்ட்ஸ்வர்த் நினைவு மருத்துவமனை என்ற மிஷன் மருத்துவமனை ஒன்று இருக்கிறது. அங்கே 1934-ஆம் ஆண்டு முதல் பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு ஆகியவற்றைப் பேரேடுகளில் ஒழுங்காக எழுதி வந்தார்கள். அறுபது ஆண்டுகள் கழித்து அந்தப் பேரேடுகளைப் புரட்டிய ஆராய்ச்சியாளர்கள், அவற்றில் குறிக்கப்பட்ட குழந்தைகளுள் அந்நகரிலேயே வாழ்ந்துகொண்டிருந்த 517 பேரைத் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். இரண்டரைக் கிலோவும் அதற்குக் குறைவாகவும் பிறந்தவர்களில் நூற்றுக்குப் பதினொருவருக்கு இதய இரத்தக்குழாய் நோய் இருந்தது. மூன்று கிலோவுக்கு மேல் நிறைவாகப் பிறந்தவர்களில் அது நூற்றுக்கு மூவருக்கே இருந்தது. 1996-இல் வெளியான முடிவு இது. தாயின் வயிற்றில் பட்ட பற்றாக்குறை ஐம்பது வயதில் மார்புவலியாக வந்து கதவைத் தட்டக்கூடும் என்பதை மைசூர்ப் பேரேடுகள் காட்டிவிட்டன.

திருவனந்தபுரத்தில் வாழ்பவர்களுக்கு இந்தப் பொருள் இன்னொரு வகையிலும் சிந்திக்கத் தக்கது. மகப்பேற்று மருத்துவத்தில் இந்நகரம் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. இலண்டனில் மருத்துவம் பயின்று 1916-இல் திரும்பிய டாக்டர் மேரி பூனன் லூக்கோஸ் அம்மையார், தைக்காட்டு மகளிர் மருத்துவமனையில் பணியேற்று, பரம்பரை மருத்துவச்சிகளின் வீட்டுப் பெண்களுக்கு முறையான பயிற்சி அளித்தார். 1938-இல் திருவிதாங்கூர் அரசின் சர்ஜன் ஜெனரல் ஆனார். 1952-இல் ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனை எழுந்தது, எஸ். ஏ. டி. என்றால் நகரில் தெரியாதவர் இல்லை. இத்தகைய முயற்சிகளின் பயனாக, 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஓராண்டுக்குள் இறப்பவை இந்தியா முழுவதிலும் 28 ஆக இருக்க, கேரளத்தில் 6 மட்டுமே. ஆயினும் எடை குறைந்த குழந்தைகள் இங்கே மறைந்துவிடவில்லை. பத்தில் ஒன்றுக்குக் குறையாமல் இன்றும் பிறந்துகொண்டுதான் இருக்கின்றன. கர்ப்பிணிகளின் இரத்தசோகையோ, 2015-16-இல் நூற்றுக்கு 22.6 ஆக இருந்தது, 2019-21-இல் 31.4 ஆக ஏறியிருக்கிறது. பிறந்த குழந்தையைக் காப்பாற்றும் கலையை மருத்துவமனை கற்றுக்கொண்டது. பிறக்கப்போகும் குழந்தைக்கு ஊட்டும் கலையை வீடு இன்னும் முழுமையாகக் கற்றுக்கொள்ளவில்லை என்பதே என் கருத்து.

இவ்விடத்தில் மொழி பற்றி ஒரு சிறு விஷயம். என் தொழில் மொழிபெயர்ப்பு. ஆகையால் நேயர்கள் பொறுத்தருள வேண்டும். கேரளத்துக்குப் புதிதாக வந்த தமிழ்ப் பெண் ஒருத்தியிடம் இங்குள்ள தாதி, 'குஞ்ஞினு தூக்கம் குறவாணு' என்று சொன்னால், குழந்தை சரியாக உறங்கவில்லை போலும் என்று அவள் எண்ணிக்கொள்வாள். மலையாளத்தில் தூக்கம் என்றால் எடை! உறக்கம் என்பதே நாம் சொல்லும் தூக்கம். நாமும் ஒரு பொருளைத் தராசில் தூக்கிப் பார்க்கிறோம் அல்லவா? அந்த வேர்தான். வேடிக்கையாகத் தோன்றினாலும், எடை குறைவு என்ற எச்சரிக்கை தாலாட்டுப் பாட்டோடு போய்விடுமானால் அது வேடிக்கையன்று. அயல் மாநிலத்தில் வாழும் நம்மவர்கள், மருத்துவமனையில் சொல்லப்பட்டதை அட்டையில் எழுதித் தரும்படி கேட்டுப் பெறுவது நல்லது.

இனி உணவுக்கு வருவோம். வயிறு நிறைவது வேறு, உடல் நிறைவது வேறு. இதற்குத் திருவிதாங்கூரின் மரவள்ளிக்கிழங்கைவிடச் சிறந்த பாடம் இல்லை. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இக்கிழங்கின் சாகுபடியைப் பரப்பினார். இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனபொழுது, இலட்சக்கணக்கானவர்களைப் பட்டினியினின்றும் காத்தது இந்தக் கப்பைக் கிழங்கே. அதற்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அது பெரும்பாலும் மாவுச்சத்து. புரதச்சத்து நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைதான். ஆகவேதான் கடற்கரை ஏழைகள் கப்பையை மத்தி மீன் குழம்போடு சேர்த்து உண்டார்கள். இங்கே சாளை என்பார்கள். மீனின்றிக் கப்பை மட்டும் உண்டவளின் வயிறு நிறைந்திருக்கும். அவள் வயிற்றுப் பிள்ளைக்குத் தசை வைக்க வேண்டிய பொருள் வந்து சேர்ந்திராது. மூன்று வேளையும் வெள்ளைச் சோறும் புளித்தண்ணீருமாக உண்ணும் கர்ப்பிணியின் நிலையும் இதுவே.

கருவிலிருக்கும் சிசு தன் உணவைத் தானே தேடிக்கொள்வதில்லை. தாயின் இரத்தம் கொண்டுவருவதை நஞ்சுக்கொடி வடித்தெடுத்துக் கொடுக்கிறது. முதல் மூன்று மாதத்தில் நஞ்சுக்கொடி வேர்விடுகிறது. சிசுவின் உறுப்புகள் உருவாகின்றன. எடையின் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில் ஏறுகிறது. அப்படியானால் ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, தாய் வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு நெய்யும் பாலும் கொடுத்துப் போஷிக்கும் நம் வழக்கம் சரிதானே என்று கேட்கலாம். பாதி சரி. அந்தப் பாதியையும் மீதிப் பாதியையும் காட்டுவதற்கு உலகில் இரண்டு மூன்று நிகழ்ச்சிகள் உண்டு.

1944-ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மானியர் ஹாலந்து நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு செல்லாமல் தடுத்தனர். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஆயிரம் கலோரிக்கும் குறைவான பங்கீடே கிடைத்தது. 1945 மே மாதம் விடுதலை கிடைத்தவுடன் உணவும் வந்தது. பஞ்சம் தொடங்கியதும் முடிந்ததும் நாள் கணக்காகத் தெரிந்ததால், எந்தக் குழந்தை கருவின் எந்த மாதத்தில் பட்டினி கிடந்தது என்று கணக்கிட முடிந்தது. கடைசி மூன்று மாதம் பஞ்சத்தில் அகப்பட்ட குழந்தைகள் சுமார் 300 கிராம் குறைவாகப் பிறந்தன. பஞ்சத்தில் கருவாகிப் பிறகு உணவு கிடைத்த குழந்தைகளோ ஏறக்குறைய வழக்கமான எடையுடனேயே பிறந்தன. இவ்வளவோடு நின்றிருந்தால் நம் வளைகாப்பு வழக்கத்துக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிடலாம். ஆனால் அந்த இரண்டாவது வகைக் குழந்தைகள்தாம் நடுவயதில் இதய நோய்க்கு அதிகமாக ஆளானார்கள். தராசு எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை.

அடுத்தது ஆப்பிரிக்காவில் காம்பியா என்னும் சிறு நாடு. அங்கே கிராமத்துக் கர்ப்பிணிகளுக்கு ஐந்தாம் மாதம் முதல் நிலக்கடலை சேர்த்த பிஸ்கோத்துகளைக் கொடுத்தார்கள். 1997-இல் வெளியான முடிவின்படி குழந்தைகளின் எடை சராசரி 136 கிராம் கூடிற்று. தானியம் தீர்ந்து வயல் வேலை மிகுந்த பஞ்ச மாதங்களில் கூடுதல் 201 கிராம். அறுவடைக்குப் பிந்திய மாதங்களில் 94 கிராம். பசித்தவளுக்குக் கொடுத்தது நன்றாகப் பயன்பட்டது என்பது இதன் பொருள்.

மூன்றாவது நம் நாட்டு அனுபவம். பூனா நகரை அடுத்த ஆறு கிராமங்களில் 1993-ஆம் ஆண்டு முதல் டாக்டர் யாஜ்னிக்கும் அவர்தம் குழுவினரும் கர்ப்பிணிகளின் உணவைக் கவனித்துக் குறித்தார்கள். அப்பெண்களின் சராசரி எடை சுமார் 42 கிலோதான். அவர்கள் உண்ட மொத்தக் கலோரிக்கும் குழந்தையின் எடைக்கும் நெருங்கிய தொடர்பு காணப்படவில்லை. அடிக்கடி கீரையும் பழமும் உண்டவர்கள், பால் அருந்தியவர்கள் ஆகியோரின் குழந்தைகளே பெரியனவாகப் பிறந்தன. கிணற்றிலிருந்து நீர் சுமப்பதும் வயலில் குனிந்து வேலை செய்வதுமாகக் கடுமையாக உழைத்தவர்களின் குழந்தைகள் சிறுத்திருந்தன. தட்டில் கூட்டுவதைப் போலவே தலையிலுள்ள குடத்தை இறக்குவதும் ஊட்டம்தான்.

இந்தக் கீரைச் செய்தியைப் பம்பாய்ச் சேரிகளில் சோதித்துப் பார்த்தார்கள். 2006 முதல் சில ஆண்டுகள், கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே, ஒரு தொகுதிப் பெண்களுக்குக் கீரை, பழம், பால் சேர்த்த பலகாரம் நாள்தோறும் கொடுக்கப்பட்டது. மற்றத் தொகுதிக்கு உருளைக்கிழங்கு, வெங்காயம் போன்றவற்றாலான பலகாரம். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது எடையில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. கருத்தரிப்பதற்கு மூன்று மாதம் முன்னதாகவே உண்ணத் தொடங்கியவர்களின் குழந்தைகளோ சராசரி 48 கிராம் கூடுதலாகப் பிறந்தன. ஓர் எலுமிச்சம்பழத்தின் எடை. இவ்வளவுதானா என்று தோன்றலாம். மிகவும் மெலிந்திருந்த பெண்களுக்கு இந்தச் சிறு உயர்வும் கிட்டவில்லை. ஆண்டுக்கணக்கில் மெலிந்த உடம்பைச் சில மாதப் பலகாரம் மாற்றிவிடாது போலும். எனவே கதை ஏழாம் மாதத்திலன்று, கல்யாணத்துக்கு முன்பே, பெண் குழந்தையாய் இருந்து வளர்ந்த காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. புதிதாக வந்த மருமகள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, பாத்திரத்தில் எஞ்சியதைக் கடைசியில் உண்ணும் வீடுகள் இன்றும் உள்ளன. கறி, கூட்டு தீர்ந்து சோறும் ரசமும் மட்டும் எஞ்சியிருக்கும் நேரம் அது. ஏழாம் மாதம் ஐந்து வகைச் சித்திரான்னம் செய்து அடுக்குகிறோமே, அந்த அன்பை முதல் மாதத்துத் தட்டிலும், அதற்கு முந்திய தட்டிலும் காட்டினால் என்ன?

இனி ஓர் அச்சத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெரிதாகிப் பிரசவம் கஷ்டமாகும்; ஆகவே கடைசி மாதங்களில் வயிற்றைக் கட்ட வேண்டும் என்று தென்னாட்டுப் பெண்களிடையே பரவலான நம்பிக்கை உண்டு. இரும்புச்சத்து மாத்திரையை இரகசியமாகக் குப்பையில் போடுவதற்கும் இதுவே பல வேளைகளில் காரணம். பெரிய ஆஸ்பத்திரி எட்டாத தொலைவில் இருந்த காலத்தில், பிரசவத்தில் தாயைப் பறிகொடுத்த குடும்பங்களில் இந்த அச்சம் பிறந்திருக்க வேண்டும். அதைப் பரிகசிக்க எனக்கு மனமில்லை. ஆனால் காம்பியாவின் கணக்கைப் பாருங்கள். 136 கிராம் எடை கூடியபோது, குழந்தையின் தலைச் சுற்றளவு கூடியது மூன்று மில்லிமீட்டர் அளவே. எடை தசையிலும் கொழுப்பிலும் கூடுகிறது. வழியை அடைக்கும் அளவுக்குத் தலை பெருத்துவிடுவதில்லை. தாயின் சர்க்கரை நோயால் பெருக்கும் குழந்தையின் சங்கதி வேறு. அதற்கு மருந்து பட்டினியன்று, மருத்துவர் சொல்லும் பத்தியம். இந்நாளில் வசதியுள்ள வீடுகளில் இனிப்பை அள்ளி அள்ளிக் கொடுப்போரும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கீரையைப் பற்றிப் பேசும்போது லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவரை மறக்க இயலாது. 1928-இல் பம்பாய்க்கு வந்த அவர், துணி ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளைப் பீடித்திருந்த கொடிய இரத்தசோகையின் காரணத்தைத் தேடினார். நோய்க் கிருமி எதுவும் அகப்படவில்லை. ஈஸ்ட்டிலிருந்து செய்யப்பட்ட, மார்மைட் என்ற மலிவான கூழைக் கொடுத்தபோது அப்பெண்கள் தேறினார்கள். 1931-இல் இதை அவர் வெளியிட்டார். அதில் அடங்கிய பொருள் இன்னதென்று தெரியாமலே 'வில்ஸ் காரணி' என்று பெயரிட்டார்கள். பத்தாண்டுகள் கழித்து, 1941-இல், பசலை இனத்துக் கீரையின் இலைகளிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்து, இலை என்ற பொருள்படும் இலத்தீன் சொல்லால் அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். வில்ஸ் தேடியதும் அதுவே என்று பின்னர்த் தெளிவாயிற்று. இன்று உலகெங்கும் கர்ப்பிணிகள் விழுங்கும் அந்த மாத்திரையின் வரலாறு, பம்பாய் ஆலைத் தொழிலாளப் பெண்களின் வெளிறிய முகத்தில் தொடங்கியது.

சரி, எவ்வளவு உண்பது? இருவருக்காகச் சாப்பிட வேண்டும் என்பார்கள். இரு மடங்கு என்று அதற்குப் பொருளில்லை. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், கர்ப்பிணிக்கு வழக்கத்துக்கு மேல் நாளொன்றுக்கு 350 கலோரியும், கடைசி மூன்று மாதத்தில் 22 கிராம் புரதமும் கூடுதலாக வேண்டும் என்கிறது. இரண்டு இட்லி சாம்பார், ஒரு தம்ளர் பால், ஒரு சிறு கைப்பிடி வறுத்த நிலக்கடலை ஆகியவை அந்தக் கலோரியை ஏறத்தாழத் தந்துவிடும். புரதத்துக்குப் பருப்போ முட்டையோ மீனோ இன்னும் கொஞ்சம் சேர வேண்டும். குமட்டல் காரணமாக ஒரேயடியாக உண்ண முடியாதவர்கள் இதைப் பல வேளையாகப் பிரித்துக்கொள்ளலாம். சரியான உடற்கட்டுள்ள பெண் பத்து மாதத்தில் 10 முதல் 12 கிலோ எடை கூட வேண்டும்.

அயல் மாநிலத்தில் இருக்கிறோம், நம் ஊர்க் கீரை இங்கே கிடைக்கவில்லையே என்று ஏங்க வேண்டியதில்லை. அந்தந்த மண்ணில் விளைவதே மலிவானது, புதியது. பம்பாயில் வெந்தயக்கீரையும் நாச்சணி என்ற நம் கேழ்வரகும் உண்டு. டில்லியில் குளிர்காலம் வந்தால் கடுகுக்கீரையும் பசலையும் குவிகின்றன. கம்பு ரொட்டியும் கொண்டைக்கடலையும் எக்காலத்தும் கிடைக்கும். திருவனந்தபுரத்தில் முருங்கைமரம் இல்லாத தெரு குறைவு. கர்க்கடக மாதத்தில் முருங்கையிலையைத் தொடக்கூடாது என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. அந்த ஒரு மாதம் அரைக்கீரைக்குத் தாவிவிடலாம். புட்டுடன் சிறுபயறு சேர்த்துண்ணும் மலையாளிகளின் காலை உணவு மிக நல்லது. சாலைக் கடைவீதியிலும் கரமனையிலும் பல தலைமுறைகளாக வாழும் தமிழர்கள் அதை எப்போதோ தமதாக்கிக்கொண்டார்கள். மீன் உண்பவர்களுக்கு மத்தியைப்போல் விலைக்கேற்ற சத்துள்ள பொருள் வேறில்லை. நூறு கிராமில் சுமார் இருபது கிராம் புரதம். விலக்க வேண்டியவை சில. பால் வடியும் பப்பாளிக்காய் வேண்டாம். நன்கு கனிந்த பழத்தை அளவோடு உண்பதால் தீங்கில்லை. வெற்றிலையோடு புகையிலை மெல்லும் பழக்கம் அறவே கூடாது. பம்பாயில் நடந்த ஆய்வில், புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்திய தாய்மாரின் குழந்தைகள் சுமார் 100 கிராம் குறைவாகப் பிறந்தன. பலகாரத்தால் கூட்டிய எலுமிச்சம்பழம் ஒன்று. புகையிலையால் இழப்பது இரண்டு.

இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை நான்காம் மாதம் முதல் நாள்தோறும் ஒன்றாக 180 நாட்களுக்கு அரசாங்கமே இலவசமாக அளிக்கிறது. அதைக் காப்பியோடும் தேநீரோடும் விழுங்கினால் சத்தில் பெரும்பகுதி உடலில் சேராது. எலுமிச்சம்பழச் சாறோ நெல்லிக்காயோ துணை நின்றால் நன்றாகச் சேரும். மலம் கறுத்துப் போவது மாத்திரையின் இயல்பு, குழந்தை கறுத்துவிடாது.

1975-இல் தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்படி அங்கன்வாடிகளில் கர்ப்பிணிகளுக்குத் துணையுணவு வழங்குகிறார்கள். 600 கலோரியும் 18 முதல் 20 கிராம் புரதமும் அடங்கியது அது. இது அந்தந்த ஊர்க்காரர்களுக்கே உரியது என்று எண்ணி ஒதுங்கிவிடும் நம்மவர்கள் பலர். கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் வந்து வாடகை அறையில் குடியிருக்கும் பெண்ணும், தான் வசிக்கும் இடத்து அங்கன்வாடியில் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். முதற் பிரசவத்துக்கு மத்திய அரசு 2017 முதல் வழங்கும் 5,000 ரூபாய்க்கும் அங்கேயே விண்ணப்பிக்கலாம். பிரசவத்துக்குத் தாய் வீடு புறப்படும்போது அங்கன்வாடிப் பணியாளரிடம் சொல்லிவிட்டுச் சென்றால், ஊரிலுள்ள அங்கன்வாடிக்குப் பதிவை மாற்றித் தருவார். தாய் சேய் நல அட்டையையும் புடைவைகளுக்கு நடுவே மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் மாதங்களில் தாயின் எடை எவ்வளவு, இரத்தத்தின் நிறம் எவ்வளவு என்பன அதில்தான் குறிக்கப்பட்டிருக்கின்றன. திருநெல்வேலியிலோ தஞ்சாவூரிலோ அவளை முதன்முறையாகப் பார்க்கும் மருத்துவர், வயிற்றுப் பிள்ளை வளர வேண்டிய அளவுக்கு வளர்ந்திருக்கிறதா என்று அதைக்கொண்டே கணக்கிடுவார்.